பிரேக் ஹோஸை வாங்குங்கள், செய்யாதீர்கள்

கார் வைத்திருப்பவர்கள் இப்போதெல்லாம் பட்டறைக்கு வெறுங்கையோடு வருவதில்லை. நாலு வீடியோ பார்த்து, ஆர்டர் போட்டு, பளபளக்கும் ஸ்டீல் பின்னல் ஹோஸோடு வருகிறார்கள். "அண்ணே, இதை மாட்டுனா பெடல் கல்லு மாதிரி நிக்குமாம்ல?" அதற்கும் காசு செலவழிக்க மனமில்லாதவர்கள், ஜேசிபிக்கும் டிராக்டருக்கும் ஹோஸ் அடித்துக் கொடுக்கும் கடையில் ஒன்றைச் செய்து வாங்கிக்கொண்டு வருகிறார்கள். முதல் வகையினரிடம் உட்கார்ந்து பேசலாம். இரண்டாம் வகையினரை அன்றைக்கே தடுத்தாக வேண்டும். அதனால் அவர்களிடமிருந்து தொடங்குகிறோம்.

வாசகர் ஒருவர் அப்படிச் செய்த ஹோஸ் ஒன்றைக் கழற்றி நமக்கு அனுப்பியிருந்தார். வெளியே ஒரு குறையும் சொல்ல முடியாது. இரட்டைக் கம்பி அடுக்கு, சுத்தமான பிரஸ்ஸிங், முனையில் கசிவின் அடையாளம்கூட இல்லை. குறுக்கே அறுத்துப் பார்த்தோம். உள் ரப்பர் ஊறிப் பருத்து, நகம் பட்டால் பதிகிற அளவுக்கு மெத்தென்று இருந்தது. துளை பாதிக்கு மேல் அடைந்துவிட்டது. வழித்தெடுத்த விரலில் கறுப்பு மை ஒட்டியது.

செய்து கொடுத்த கடைக்காரர் கைத்திறனில் குறை வைக்கவில்லை. அவரிடம் இருந்த பொருள்தான் தவறு. ஹைட்ராலிக் ஹோஸின் உள்குழாய் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர். பெட்ரோலிய எண்ணெய்க்காகவே செய்யப்பட்டது. நாம் ஊற்றும் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயிலுக்குப் பெயர்தான் ஆயில். உள்ளே இருப்பது கிளைக்கால். அதில் நைட்ரைல் ஊறிக் கெடும். கார் ஹோஸில் இருப்பது இபிடிஎம் ரப்பர். அது கிளைக்காலில் ஆண்டுக்கணக்கில் நிற்கும். ஆனால் எஞ்சின் ஆயில் பட்டால் ஊதிப்போகும். பிரேக் ஆயில் டப்பாவில் தவறிப்போய் எஞ்சின் ஆயில் விழுந்தால் கப், சீல், ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வது இதனால்தான். திரவத்துக்கும் சீலுக்கும் ஒத்துப்போக வேண்டும் என்பது இந்தத் தொழில் பிறந்தபோதே வந்த சிக்கல். மால்கம் லாக்ஹீடின் ஹைட்ராலிக் பிரேக் 1921இல் டியூசன்பர்க் காரில் ஏறிய காலத்தில் தோல் சீல்கள் கசிந்து தொல்லை கொடுத்தன. பிறகு கிரைஸ்லர் பொறியாளர்கள் ரப்பர் கப்புக்கு மாற்றிய பிறகே அந்தப் பிரேக் தலையெடுத்தது.

"இது மூவாயிரம் பி.எஸ்.ஐ. தாங்கும் அண்ணே" என்று வாடிக்கையாளர் வாதாடுவார். தாங்கும்தான், யார் மறுத்தார்கள்? கால் அங்குல இரட்டைக் கம்பி ஹோஸின் குறைந்தபட்ச வளைவு ஆரம் 100 மி.மீ. அதற்குக் கீழே மடக்கினால் கம்பி களைத்துப்போகும். முன்சக்கர வளைவுக்குள் ஸ்டியரிங் ஒடித்து, பள்ளத்தில் சக்கரமும் இறங்கும்போது அந்த ஹோஸ் எங்கே போய் மடங்கும்? அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 106 தரவிதி, பிரேக் ஹோஸை 235 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வைத்து, நிமிடத்துக்கு 800 சுற்று வேகத்தில் 35 மணி நேரம் சாட்டைபோலச் சுழற்றிப் பார்க்கிறது. அதே விதி, முனைகளை கிரிம்ப் அல்லது ஸ்வேஜ் செய்து நிரந்தரமாகப் பொருத்தியிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மீட்டர் கணக்கில் வாங்கி, வீட்டு மேசையில் வெட்டி, ஸ்பேனரால் முனை முறுக்கிக்கொள்ளும் 'கிட்'டுகளுக்கு அங்கே சாலையில் இடமில்லை. நம் நாட்டில் ஹைட்ராலிக் பிரேக் ஹோஸுக்கு ஐ.எஸ். 7079 இருக்கிறது. நாமே அடித்த ஹோஸை எந்தச் சோதனை மேடையிலும் யாரும் ஏற்றிப் பார்த்ததில்லை.

இனி ஸ்டீல் பின்னல் ஹோஸ். அதைக் கெட்ட சரக்கு என்று சொல்ல மாட்டோம். தயாரிப்பாளரே கிரிம்ப் செய்து, சோதித்து, அந்த மாடலுக்குரிய நீளத்தில் கொடுப்பதை மாட்டலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஓடும் பந்தயக் காருக்கு அது வேண்டும்தான்; அந்தக் காரை ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்னும் ஒருவர் அடியில் படுத்துப் பார்க்கிறார். பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் போகும் காரை யார் பார்க்கிறார்கள்? ரப்பர் ஹோஸ் வெடிப்பு விட்டு, ஈரம் காட்டி, முன்கூட்டியே எச்சரிக்கும். பின்னலுக்குள் இருக்கும் டெஃப்லான் குழாய் எதையும் காட்டாது. மேலே பிளாஸ்டிக் உறை இல்லாவிட்டால் மணல் பின்னலுக்குள் புகுந்து குழாயை அரிக்கும். பின்னலோ உரசுகிற இடத்தையெல்லாம் ரம்பமாக அறுக்கும்.

பெடலில் கிடைக்கும் லாபம்தான் எவ்வளவு? கணக்குப் போடுவோம். 1/8 அங்குல ஹோஸ் 1,000 பி.எஸ்.ஐ.யில் ஓர் அடி நீளத்துக்கு 0.66 சிசி வரை விரியலாம் என்கிறது அந்த அமெரிக்க விதி. இதற்கு எச்.ஆர். முத்திரை. எச்.எல். முத்திரை வேண்டுமென்றால் 0.33 சிசிக்குள் நிற்க வேண்டும். சக்கரத்துக்கு ஓர் அடி ஹோஸ் என்று நாலு சக்கரத்துக்கும் சேர்த்தால் இரண்டு வரம்புகளுக்கும் இடையே 1.3 சிசி வித்தியாசம். 13/16 அங்குல மாஸ்டர் சிலிண்டரில் அது 4 மி.மீ. பிஸ்டன் நகர்வு, பெடல் விகிதம் நாலு என்றால் காலுக்கு 16 மி.மீ. அதுவும் பலமாக மிதிக்கும்போதுதான். ரப்பர் ஹோஸிலேயே எச்.எல். முத்திரை பெற்றவை உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லைனில் ஒன்றரை சிசி காற்று இருந்தால்? 100 பி.எஸ்.ஐ.க்கே அது எட்டில் ஒரு பங்காகச் சுருங்கி, அதே 1.3 சிசியை விழுங்கிவிடும். சும்மா கால் வைத்தாலே பெடல் இறங்கும். ஹோஸ் மாற்றியதும் பெடல் கெட்டியாகிவிட்டது என்று சொல்பவர்களில் பலருக்கு வேலை செய்தது ஹோஸ் இல்லை. மாற்றும் சாக்கில் ஒழுங்காக எடுத்த ஏரும் புது ஆயிலும்தான். 3.7 சதவீதம் நீர் ஏறினால் டாட் 4இன் கொதிநிலைக்கான குறைந்தபட்ச வரம்பு 230 டிகிரியிலிருந்து 155க்கு வந்துவிடுகிறது. கொடைக்கானல் இறக்கத்தில் பெடல் அமுங்கினால் முதலில் ஆயிலைச் சந்தேகப்படுங்கள்.

ஆகவே செலவு குறைந்த மேம்பாடு எது என்று கேட்டால் நம் பதில் சுவாரசியமில்லாதது: நாலு சக்கரத்துக்கும் தரமுத்திரை உள்ள புது ரப்பர் ஹோஸ், புது காப்பர் வாஷர், சீல் பிரிக்காத டாட் 4. சின்னக் காருக்கு இதெல்லாம் சேர்த்தும் இரண்டு டயர் விலை வராது.

மாட்டும் வேலையில்தான் நம் கை தெரியும். ஹோஸ் நெடுக ஓடும் கோடு அழகுக்குப் போட்டதில்லை. மாட்டி முடித்தபின் அது திருகிக்கொண்டு ஓடினால் ஹோஸ் முறுக்கியிருக்கிறது. கழற்றி மறுபடி மாட்டுங்கள். காலிப்பரில் மரையேறும் முனையை முதலில் இறுக்கி, பிறகு பிராக்கெட் கிளிப், கடைசியில் பைப் நட். சக்கரம் தொங்கும்போதும், தரையில் நிற்கும்போதும், இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, எங்காவது இழுக்கிறதா, உரசுகிறதா என்று பாருங்கள். ஜப்பானிய வழி வந்த கார்களில் பெரும்பாலும் டபுள் ஃப்ளேர், ஐரோப்பிய வழியில் பபிள் ஃப்ளேர். இரண்டுக்கும் மரை 10 மி.மீ. என்பதால் நட் ஏறிவிடும், சீட் உட்காராது. கசிந்தால் டெஃப்லான் டேப் சுற்றுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அடைப்பது சீட்தான், மரை அல்ல. டேப்பின் துணுக்கு ஏபிஎஸ் வால்வுக்குள் போய் நின்றால் அந்தச் செலவு யார் தலையில்?

பழைய ஹோஸ் உள்ளே அடைத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்பேனர் போதும். சக்கரத்தைத் தூக்கி, பெடலை மிதித்து விடுங்கள். சக்கரம் பிடித்துக்கொண்டே நின்றால், ஹோஸின் மேல்முனையில் பைப் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். விடுபட்டால் கோளாறு மேலே, மாஸ்டர் சிலிண்டர் பக்கம். விடுபடாமல், காலிப்பர் நிப்பிளைத் திறந்ததும் ஆயில் பீறிட்டுச் சக்கரம் சுழன்றால் ஹோஸ்தான் அடைப்பு. நிப்பிளைத் திறந்தும் விடவில்லையென்றால் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது. கடலோர ஊர்களில் பிராக்கெட் துருவேறி ஹோஸை வெளியிலிருந்தே நெரிப்பதும் உண்டு. இந்த அடைப்புகளில் ஒரு பகுதி நம் பட்டறைகளிலேயே பிறக்கிறது: காலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடுவது, ஆயில் ஒழுகாமலிருக்க கிரிப் பிளையரால் ஹோஸை நசுக்குவது. ஒரு கம்பிக் கொக்கியும் ஒரு மூடியும் போதும்.

வாடிக்கையாளர் கொண்டுவரும் முத்திரையில்லாத ஹோஸை மாட்ட மறுத்துவிடுங்கள். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும். நீங்கள் மாட்டும் ஹோஸின் முத்திரையையும் மாட்டிய தேதியையும் பில்லில் எழுதிக் கொடுங்கள். கழற்றிய பழசை இரண்டாக வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள்.