குரல் காட்டும் வழியும் மடித்து வைத்த வரைபடமும்



பெங்களூரில் வேலை செய்யும் ஒரு குடும்பத்தார் சென்ற மாதம் தொலைபேசியில் பேசினார்கள். முதன்முறையாகச் சொந்தக் காரில் ஊருக்கு வரப்போகிறார்கள். சகோதரி கேட்டார்: "பாஸ்டர் ஐயா, போனிலேயே மேப் இருக்கிறது. திரும்ப வேண்டிய இடத்தில் அதுவே பேசுகிறது. இவர் என்னவோ காகித மேப் ஒன்றும் வாங்கவேண்டும் என்கிறார். இந்தக் காலத்தில் அது தேவையா?" கணவன் மனைவி வழக்கில் போதகன் தீர்ப்புச் சொல்லுவது ஆபத்து. ஆகையால் அன்று சிரித்துச் சமாளித்தேன். ஆனாலும் நம் வாசகர்களில் அநேகர் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்துகொண்டு சித்தூர், திருப்பதிப் பக்கத்துச் சொந்த ஊர்களுக்குக் காரில் வந்து போகிறவர்கள். கேள்வி அவர்கள் எல்லாருக்கும் உரியது.

முதலாவது என் குற்றத்தை ஒப்புக்கொள்ளுகிறேன். 2021 நவம்பரில் எங்கள் பகுதியில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். திருப்பதி நகரத் தெருக்கள் ஆறாக ஓடின. சுவர்ணமுகி கரைபுரண்டது. ராயலசெருவு ஏரி உடைந்துவிடுமோ என்று சுற்றுக் கிராமத்தார் வெளியேற்றப்பட்டார்கள். டிசம்பர் முதல் தேதி திருமலை மலைச்சாலையில் பெரும்பாறை சரிந்து விழுந்தது. அதே டிசம்பரில் ஓர் இரவு, எங்கள் சபையைச் சேர்ந்த வயதான தாயார் ஒருவருக்கு மூச்சுத்திணறல் உண்டாயிற்று. அவருடைய மகன் பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். அவரே காரை ஓட்ட, நான் முன் இருக்கையில் அமர, சித்தூரிலிருந்து திருப்பதி மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். ஏறக்குறைய 70 கிலோமீட்டர். பூதலப்பட்டில் வலதுபுறம் திரும்பிவிட்டால், பிறகு நெடுஞ்சாலையே கொண்டுபோய் விட்டுவிடும்.

பூதலப்பட்டைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனதும், கைப்பேசியில் இருந்த வழிகாட்டி பக்கத்துக் கிராமச் சாலை ஒன்றில் திரும்பச் சொல்லிற்று. ஆறு நிமிடம் மிச்சமாகும் என்றது. தாயாருடைய மூச்சுச் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தது. ஆறு நிமிடம் என்பது அந்த நேரத்தில் சிறிய காரியமா? தம்பி திருப்பினார். மூன்று கிலோமீட்டர் உள்ளே போனபின்பு ஏரிக்கரையில் ஒரு கிழவர் டார்ச் விளக்கை ஆட்டி நிறுத்தினார். "முன்னாடி ரோடு இல்லைங்க. கல்வெர்ட்டைத் தண்ணி அடிச்சிட்டுப் போயிடுச்சு. ரெண்டு வாரம் ஆச்சு," என்றார். அந்தக் குறுகிய கரையில் வண்டியைத் திருப்பி மறுபடியும் நெடுஞ்சாலைக்கு வந்து சேர முக்கால்மணி நேரம் பிடித்தது. தாயார் கர்த்தருடைய கிருபையால் பிழைத்தார்.

தம்பியை நான் குறைசொல்லவில்லை. அவர் அந்தச் சாலைக்குப் புதியவர். நானோ இருபத்தைந்து ஆண்டுகள் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் பழைய வேனிலும் அதே சாலையில் கூட்டங்களுக்குப் போய்வந்தவன். மழை வெள்ளத்தில் உட்சாலைகள் அறுந்து கிடந்ததும் எனக்குத் தெரியும். இருந்தும் நான் ஏன் வாய் திறக்கவில்லை? இயந்திரம் பேசிக்கொண்டிருந்தது. அது தயக்கமின்றிப் பேசிற்று. அவ்வளவு உறுதியாகப் பேசுகிற ஒன்றின் முன்னால் எனக்குத் தெரிந்தது எனக்கே சந்தேகமாய்ப் போயிற்று.

அன்றுமுதல் இதைக்குறித்து யோசித்து வருகிறேன். இந்தக் கருவியைப் பழிப்பது என் நோக்கமல்ல. அது பெரிய அதிசயம். வானத்திலிருந்து ஏதோ ஒன்று நம் காரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களுக்கு நம் கார் இருப்பதே தெரியாது. அவை தங்கள் இருப்பிடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. நம் கைப்பேசி அவற்றில் குறைந்தது நான்கின் குரலைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேர எவ்வளவு நேரம் பிடித்தது என்று கணக்கிட்டு, நாம் நிற்கும் இடத்தைக் கண்டுகொள்ளுகிறது. கடிகாரத்தில் ஒரு விநாடியின் பத்துலட்சத்தில் ஒரு பங்கு தவறினால், இடம் 300 மீட்டர் தவறிவிடும். 2000 மே மாதம் வரையில் அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான குறிப்பில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பி வந்தது. அதை நிறுத்தியபின்புதான் கார்களில் இது துல்லியமாய்ப் பயன்படத் தொடங்கிற்று.

இதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு என்பது அநேகருக்குத் தெரியாது. இந்தியாவின் சொந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள் வரிசையில் முதலாவது 2013 ஜூலையில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறிற்று. ஏழாவது 2016 ஏப்ரலில். 'நாவிக்' என்று பெயர் பெற்றது இதுவே. 2022-இல் மாவட்டங்களைப் பிரித்தபோது அந்தத் தீவு திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டது. அதுமாத்திரமா? அன்றிரவு நாங்கள் போன அதே திருப்பதிச் சாலையில் காதங்கி என்ற ஊர் இருக்கிறது. அங்கே 1,024 ஆண்டெனாக்கள் தரையில் நடப்பட்ட ஒரு பெரிய ராடார் உண்டு. தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் அங்கேதான் இருக்கிறது. வானத்தில் மின்னேற்றம் பெற்ற அயனி மண்டலம் என்னும் அடுக்கையும் அங்கே ஆராய்கிறார்கள். செயற்கைக்கோளின் குறிப்பு நம்மிடம் வரும் வழியில் தாமதப்படுவதும் தடுமாறுவதும் அந்த அடுக்கினால்தான். பஸ்ஸில் போகும்போது எத்தனையோ முறை அந்த ஊரைத் தூங்கிக்கொண்டே கடந்திருக்கிறேன்!

ஆக, இடம் குறிப்பதில் கருவி பெரும்பாலும் தவறுவதில்லை. அன்றிரவும் நாங்கள் ஏரிக்கரையில் நின்றபோது, அந்த நீலப்புள்ளி மிகச் சரியாக ஏரிக்கரையில்தான் நின்றது. தவறு புள்ளியில் இல்லை, புள்ளிக்கு அடியில் விரித்திருந்த படத்தில் இருந்தது. அங்கே சாலை இன்னும் முழுதாய் இருந்தது. செயற்கைக்கோள் நாம் எங்கே நிற்கிறோம் என்பதை மாத்திரம் அறிய உதவும். நமக்கு முன்னால் பாலம் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அதை ஒருவர் போய்ப் பார்த்து எழுதவேண்டும், அல்லது அவ்வழியே போகிற மற்றக் கைப்பேசிகளின் வேகத்திலிருந்து ஊகிக்கவேண்டும். நகரத்தில் ஆயிரம் பேர் போகிற சாலையில் இந்த ஊகம் நன்றாய்ப் பலிக்கிறது. இரவு பத்து மணிக்கு மேல் ஒருவருமே போகாத கிராமச் சாலையில்? அங்கே நெரிசல் இல்லை. நெரிசல் இல்லாமையை, வழி நன்றாயிருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் எங்கள் கதிதான்.

எங்களைவிடப் பெரிய துயரங்கள் நடந்திருக்கின்றன. 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே, வழிகாட்டியை நம்பிச் சென்றதாகச் சொல்லப்பட்ட ஒரு கார் முற்றுப்பெறாத பாலத்திலிருந்து ராம்கங்கா ஆற்றுப்படுகையில் விழுந்து மூன்று பேர் மரித்தார்கள். பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் முன்னமே அடித்துப் போயிருந்தது. 2023 அக்டோபரில் கொச்சி அருகே மழையிரவில் இரண்டு இளம் மருத்துவர்கள் இருந்த கார் பெரியாற்றில் இறங்கி அவர்கள் உயிரிழந்தார்கள். நீலகிரியின் கூடலூரில் 2024 ஜனவரியில் ஒரு கார் படிக்கட்டுகளில் இறங்கி நடுவில் சிக்கிக்கொண்டது. நல்லவேளை, ஒருவருக்கும் காயமில்லை. தடுப்பு வைக்காதவர்கள் மேலும் குற்றம் உண்டு என்பது என் எண்ணம். எல்லாப் பழியையும் கைப்பேசியின் தலையில் போடுவது நியாயமல்ல.

அப்படியானால் காகித வரைபடம் தவறாததா? என் தகப்பனார் வைத்திருந்த பழைய அட்லஸில் திருத்தணி சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரலில் அது சென்னை மாநிலத்துக்கு வந்துவிட்டது. நான் ஊழியத்துக்கு வந்த புதிதில் சென்னையில் வாங்கிய டிடி மேப்ஸ் சாலைப்படத்தில், சித்தூர் வழியாகப் போவது நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலை; பூதலப்பட்டு–திருப்பதிச் சாலை 18ஏ; சென்னை–திருப்பதிச் சாலை 205. 2010-இல் எண்களையெல்லாம் மாற்றினார்கள். இன்று பலமநேர்ச் சாலை 69, கடப்பைச் சாலை 40, பூதலப்பட்டு–திருப்பதி 140, சென்னை–திருப்பதி 716. பழைய படத்தை வைத்துக்கொண்டு எண்பலகையைத் தேடினால் அலையவேண்டியதுதான்.

ஆனாலும் காகிதத்தில் ஒரு நேர்மை உண்டு. அதின் மூலையில் அச்சான ஆண்டு போட்டிருக்கும். "நான் இந்த வருஷத்து அறிவு; அதற்குப் பின் நடந்தது எனக்குத் தெரியாது" என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. வாங்குகிறவன் அதைப் பார்த்து, எவ்வளவு நம்பலாம் என்று தானே அளந்துகொள்ளுகிறான். கைப்பேசிக் குரலோ நேற்றுத் திருத்திய சாலையையும், பல வருஷமாய் எவரும் பார்க்காத சாலையையும் ஒரே தொனியில் சொல்லுகிறது. அதின் அறிவுக்கு எத்தனை வயது என்று கேட்டால் பதில் இல்லை. எனக்கு அதன்மேல் உள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான்.

இன்னொன்று. நம்மில் பலர் வாழ்க்கையில் முதன்முதல் பார்த்த வரைபடம் எது? வேதாகமத்தின் கடைசிப் பக்கங்களில் உள்ள பவுலின் பிரயாணப்படம் அல்லவா? நீண்ட பிரசங்கத்தின் நடுவே அதைப் புரட்டிப் பார்க்காத பிள்ளை உண்டோ? வேதாகமக் கல்லூரியில் அதைப் பார்க்காமல் வரையச் சொன்னார்கள். நான் எபேசுவைக் கடலுக்குள் போட்டு மதிப்பெண் இழந்தேன். ஆனால் எபேசுவுக்கும் கொரிந்துவுக்கும் நடுவில் கடல் இருக்கிறது என்பது அதன்பின் மறக்கவே இல்லை. முழுமையாய்ப் பார்த்த இடம் நெஞ்சில் நிற்கிறது. "300 மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்" என்று கேட்டுக்கேட்டுப் போன இடம் நிற்பதில்லை. பத்து முறை காரில் வந்த நம் பிள்ளைகளிடம் பலமநேருக்குப் பிறகு என்ன ஊர் என்று கேட்டுப்பாருங்கள்.

இது வெறும் பொது அறிவுக் காரியம் அல்ல. பலமநேருக்கும் சித்தூருக்கும் நடுவில் மொகிலி மலைச்சரிவு இருக்கிறது. 2024 செப்டம்பரில் பஸ்ஸும் லாரியும் மோதிப் பலர் மாண்ட இடம் அது. பீலேரிலிருந்து திருப்பதிக்கு வருகிற வழியில் பாக்கராபேட்டை மலைச்சரிவு. 2022 மார்ச்சில் கல்யாணக் காரியமாய் வந்த பஸ் பள்ளத்தில் விழுந்தது அங்கே. கருவி இவற்றையும் சமவெளியைப்போலவே நிமிடக்கணக்கில் சொல்லும். நில அளவைத் துறையின் 1:50,000 படத்தில், இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்ற கணக்கில், உயரக்கோடுகள் நெருங்கி நெருங்கி வருவதைக் கண்டாலே, இங்கே தூக்கக்கலக்கத்தோடு வரக்கூடாது என்று ஓட்டுகிறவனுக்குத் தோன்றும். 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் சங்கிலி பிடித்துத் தொடங்கிய அளவை வேலையின் வழிவந்த படங்கள் அவை. 2017 முதல் அவற்றை இணையத்திலிருந்து இலவசமாய் இறக்கிக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள்.

சகோதரிக்கு நான் பிறகு எழுதிய பதில் இதுதான்: இரண்டும் வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு முந்தின இரவு காகிதப்படத்தை மேஜைமேல் விரித்து, குடும்பமாய் ஒருமுறை முழு வழியையும் பாருங்கள். எந்த ஊரில் எந்தப் பக்கம் பிரிகிறது, மலைச்சரிவு எங்கே, அதை எத்தனை மணிக்குக் கடப்போம் என்பது தெரிந்தால் போதும். கைப்பேசியிலும் அந்தப் பகுதியின் படத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குள் இணையம் அறுந்தாலும் செயற்கைக்கோள் குறிப்பு வரும். அடியில் படம் இல்லாவிட்டால் வெறும் வெளியில் நீலப்புள்ளி மாத்திரம் நிற்கும். சென்னை, பெங்களூர் நெரிசலுக்குள் கருவி சொல்லுவதையே கேளுங்கள். அங்கே அது உங்களைவிட நன்றாய் அறியும். இருட்டினபின்பு ஐந்து, பத்து நிமிட மிச்சத்துக்காக நெடுஞ்சாலையை விட்டு இறங்கவேண்டாம். கிராமத்தை நெருங்கினதும் கண்ணாடியை இறக்கி ஒருவரைக் கேளுங்கள். கேட்பதில் நம் படித்த பிள்ளைகளுக்கு வெட்கம் வந்துவிட்டது, அது எனக்குப் புரியவில்லை. முன் இருக்கையில் இருப்பவர் வழி தெரிந்தவரானால் வாயைத் திறக்கட்டும். இது எனக்கும்.

அந்தத் தம்பி இப்பொழுதெல்லாம் ஊருக்கு வரும்போது சாலைப்படம் ஒன்றைக் காரிலேயே வைத்திருக்கிறார். இரண்டாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகள் பின் இருக்கையில் அதை மடியில் விரித்துக்கொண்டு ஊர்ப்பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாளாம். பாட்டியைப் பரிசோதனைக்காகத் திருப்பதிக்கு அழைத்துப்போன அன்று, "அப்பா, அடுத்து பூதலப்பட்டு, வலதுபக்கம்" என்று அவள் சொல்லி முடித்துச் சற்று நேரம் கழித்துத்தான் கைப்பேசி பேசிற்றாம். பாட்டி இதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் நின்று எல்லாருக்கும் சொன்னார்கள்.