எழுத்துக்கு முன்னே

நம் பாலர் பாடசாலைகள் இன்று எதனால் அளக்கப்படுகின்றன? பிள்ளையின் கொப்பியினால். மூன்று வயதுப் பிள்ளை எத்தனை எழுத்து எழுதிற்று என்பதே பெற்றார் பலரின் முதல் வினா. ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் அத்துணைத் தூரம் நீண்டுள்ளது.

1907 இல் உரோமாபுரியிலே, ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில், மரியா மொண்டிசோரி அம்மையார் சிறுவர் இல்லமொன்றைத் திறந்தார். தெறி பூட்டல், நீர் வார்த்தல், கைகழுவல், தரை கூட்டல் என்பன அங்கே பாடங்களாயின. அவை கைக்குப் பயிற்சியையும் மனத்துக்கு ஒருமையையும் அளித்து, எழுதுகோல் பிடித்தற்கும் வழி செய்தன. 1944 இல் அம்மையார் இலங்கைக்கும் வந்தார். அவர் பெயரை நம் பள்ளிப் பலகைகள் பல தாங்கி நிற்கின்றன. அவர் கருத்தோ பல இடங்களில் வாயிலோடு நின்றுவிட்டது.

யான் எழுத்தாற் பிழைப்பவன். ஆயினும் கூறுவேன்: தன் முறை வருமளவும் பொறுத்தல், பகிர்ந்துண்ணல், அச்சத்தை வாய்விட்டுச் சொல்லல், விரும்பாத தொடுகையை மறுத்தல் ஆகியவற்றை அவ்வயதிலேயே பழக்குதல் வேண்டும். எழுத்துச் சிறிது பொறுக்கும்.

ஆதலின் பெற்றாரே, மாலையில் கொப்பியைக் கேளாதீர். "இன்று யாருக்கு உதவினாய்?" என்று கேளுங்கள். அவ்வினா வீட்டில் எழுந்தால், பள்ளியில் ஆசிரியையும் அஞ்சாது கற்பிப்பார்.