கேபினில் இருந்த இரண்டாவது மெஷின்

பழைய 35 எம்.எம். புரொஜக்டர் உழைத்ததைப் போல இன்றைய டிஜிட்டல் புரொஜக்டர் உழைப்பதில்லை என்று ஒரு தரப்பு சொல்கிறது. ரீல் அறுந்து அரங்கு இருண்டு விசில் பறந்த காலத்தை மறந்துவிட்டீர்களா என்று மறு தரப்பு கேட்கிறது. இருவருமே மெஷின் எத்தனை முறை கெட்டது என்பதைத்தான் எண்ணுகிறார்கள். கெட்ட பிறகு எத்தனை நேரத்தில் படம் மீண்டும் ஓடியது, ஓடவைக்கும் ஆளும் பொருளும் அனுமதியும் எங்கே இருந்தன என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவின் வாசலில் உள்ள கிழக்கேகோட்டையில் படம் பார்க்கும் ரசிகனுக்கு டிஜிட்டல் பெரும் நன்மை செய்திருக்கிறது. கூடவே ஒரு பாதுகாப்பைப் பறித்தும் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பைத் திரும்பக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஃபிலிம் காலத்துக் கேபினில் வழக்கமாக இரண்டு புரொஜக்டர்கள் அருகருகே நின்றன. 2,000 அடி ரீல் ஒன்று ஏறத்தாழ 22 நிமிடம் ஓடும். அது முடியும் நொடியில் அடுத்த மெஷின் தொடங்க வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆனால், அதுவே ஒரு காப்பாகவும் இருந்தது. ஒன்று படுத்துவிட்டால் மற்றொன்றை வைத்து, ரீலுக்கு ரீல் சிறு இடைவெளி விட்டு, காட்சியை முடித்துவிடலாம். உள்ளே இருந்தவை பல்சக்கரம், பெல்ட், லென்ஸ், விளக்கு, நொடிக்கு 24 முறை ஃபிலிமை நிறுத்தி நிறுத்தி நகர்த்தும் சிலுவை வடிவச் சக்கரம். எல்லாமே கண்ணுக்குத் தெரிபவை. தேய்மானம் முதலில் சத்தமாகக் கேட்கும், பிறகு திரையில் நடுக்கமாகத் தெரியும். மெஷின் நிற்பதற்கு முன்பே ஆபரேட்டர் எச்சரிக்கை பெற்றுவிடுவார். பெல்ட்டும் பேரிங்கும் கடைத்தெருவில் கிடைத்தன. தேய்ந்த உருளையை லேத் பட்டறையில் கடைந்துகொள்ள முடிந்தது. 2015-இல் குவென்டின் டரான்டினோவின் ‘தி ஹேட்ஃபுல் எய்ட்’ 70 எம்.எம். பிரதியாக வெளியானபோது, பல பத்தாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட புரொஜக்டர்களைத் தேடிப் பிடித்துப் பழுதுபார்த்து அமெரிக்காவில் ஏறத்தாழ நூறு அரங்குகளில் ஓடவிட்டார்கள். படக் கோப்பை வைத்து ஓட்டும் இன்றைய டிஜிட்டல் சர்வர் ஒன்று அத்தனை ஆண்டுகள் கழித்து அப்படி எழுந்து ஓடும் என்று நான் நம்பவில்லை.

ஆனாலும் மெஷின் மட்டுமே காட்சி ஆகிவிடாது. மெஷினைவிடப் பிரதிதான் பலவீனமாக இருந்தது என்ற ஆட்சேபம் முழுக்க நியாயமானது. ஒவ்வொரு ஓட்டத்திலும் ஃபிலிமில் கோடு விழுந்தது. அறுந்த இடத்தை வெட்டி ஒட்டும்போது சில ஃபிரேம்கள் போயின. பெரிய நகரங்களில் ஓடித் தேய்ந்த பிரதிதான் சிற்றூருக்குப் பல வாரங்கள் கழித்து வந்தது. படப்பெட்டி தாமதமானால் காட்சியும் தாமதம். இவை அனைத்தையும் டிஜிட்டல் ஒரே வீச்சில் ஒழித்தது. கேரளம் இதில் முந்திக்கொண்ட மாநிலம்: வி.கே. பிரகாஷின் ‘மூந்நாமதொராள்’ 2006-இலேயே செயற்கைக்கோள் வழியாக அரங்குகளுக்கு அனுப்பப்பட்டது. இன்று சென்னையில் வெளியாகும் தமிழ்ப் படம் அதே நாளில் அதே தெளிவோடு திருவனந்தபுரத்தில் ஓடுகிறது. நூறாவது நாளிலும் படத்தில் ஒரு கீறல் இல்லை. பழுதுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் புதியதே வெல்கிறது. அதை மறுத்து ஃபிலிமுக்காக ஏங்குவதில் பயனில்லை.

சிக்கல் பூட்டில் இருக்கிறது. டிஜிட்டல் படம் குறியாக்கம் செய்யப்பட்டு வருகிறது. அதைத் திறக்கும் கே.டி.எம். என்ற சாவி, குறிப்பிட்ட ஒரு சர்வருக்கு, குறிப்பிட்ட நாளிலிருந்து குறிப்பிட்ட நாள் வரை மட்டும் செல்லும். சாவி வராவிட்டால் புரொஜக்டர், விளக்கு, ஒலி எல்லாம் சரியாக இருந்தும் திரை வெறுமையாகவே இருக்கும். பெரிய நடிகரின் படம் வெளியாகும் விடிகாலையில் ‘கே.டி.எம். வந்தாச்சா?’ என்று ரசிகர்களே கேட்கும் அளவுக்கு இது பழகிப்போனது. பாதுகாப்பான சர்வருக்குள் இருக்கும் ரகசியக் குறியீடு ஒரு சிறு பேட்டரியை நம்பி நிற்கிறது. பேட்டரி தீர்ந்தாலோ அனுமதியின்றி மூடியைத் திறந்தாலோ அது தானே அழிந்துவிடும். பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடிய கேரள அரங்குகள் 2021 ஜனவரி 13-இல் விஜய்யின் ‘மாஸ்டர்’ படத்தோடு திறந்தன. அந்த முடக்கத்தின்போது, சர்வர்களை அவ்வப்போது இயக்கிவையுங்கள் என்று அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்கள் உலகெங்கும் அரங்குகளுக்கு அறிவுறுத்தின. உறையிட்டு மூடிவைத்த ஃபிலிம் புரொஜக்டருக்கு அந்தக் கவலை இல்லை. அதே 2020-இல் சோனி டிஜிட்டல் சினிமா புரொஜக்டர் வணிகத்திலிருந்தே விலகியது. கோடிக்கணக்கில் முதல் போட்ட அரங்குக்காரர், விற்றவர் கடையை மூடிவிட்டால் உதிரிபாகத்துக்கு எங்கே போவார்?

மெஷின் பழுதாகாமலே திரை நின்ற சம்பவங்கள் நம் கண் முன்னே நடந்தவை. 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை தமிழ்நாட்டில் புதிய படங்கள் வெளியாகவில்லை; டிஜிட்டல் திரையிடல் சேவை தரும் க்யூப், யு.எஃப்.ஓ. நிறுவனங்கள் அந்தச் சேவைக்காகத் தயாரிப்பாளர்களிடம் வசூலித்த வி.பி.எஃப். கட்டணத்தை எதிர்த்துத் தயாரிப்பாளர் சங்கம் நடத்திய வேலைநிறுத்தம் அது. 2024 ஏப்ரலில், மலையாளத் தயாரிப்பாளர்கள் தாங்களே டிஜிட்டல் உள்ளடக்கத்தைத் தயாரித்துத் தரும் ஏற்பாட்டை முன்வைத்த தகராறில், பி.வி.ஆர். ஐநாக்ஸ் மல்டிபிளெக்ஸ் குழுமம் சில நாட்கள் மலையாளப் படங்களைத் திரையிட மறுத்தது. இவை வியாபாரச் சண்டைகள், இவற்றை நம்பகத்தன்மைக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்கலாம். ஃபிலிம் காலத்திலும் வேலைநிறுத்தங்கள் இருந்தன, உண்மைதான். ஆனால், படத்தைக் கோப்பாக்குவது யார், அதற்குக் கட்டணம் யாருக்கு என்ற இந்தச் சண்டைகள் கருவியின் அமைப்பிலிருந்தே பிறந்தவை. 35 எம்.எம். பிரதி எந்த நிறுவனத்தின் புரொஜக்டரிலும் ஓடியது. பெட்டி கைக்கு வந்த பிறகு, மெஷினுக்குள்ளிருந்து அதை நிறுத்தும் வழி யாரிடமும் இல்லை.

பூட்டு இல்லையென்றால் திருட்டுப் பிரதி பெருகும் என்பது தயாரிப்பாளரின் அச்சம். அவர் போட்ட பணத்துக்குக் காவல் வேண்டும். பூட்டை எடுக்கும்படி நான் சொல்லவில்லை. பூட்டைப் போட்டவர், அது கதவை அடைத்துவிட்டால் திறக்கும் பொறுப்பையும் எழுத்தில் ஏற்க வேண்டும் என்கிறேன். இதைத் தொடங்கிவைக்கக் கேரளத்துக்கு ஒரு வசதி உண்டு. திருவனந்தபுரம் தம்பானூரில் உள்ள கைரளி, ஸ்ரீ, நிளா அரங்குகளை நடத்துவது கே.எஸ்.எஃப்.டி.சி. என்ற அரசு நிறுவனம். அது புதிய புரொஜக்டர் வாங்கும்போதும் சர்வர் வாடகைக்கு எடுக்கும்போதும் சில நிபந்தனைகளை ஒப்பந்தத்தில் எழுதலாம். பதினைந்து ஆண்டுகளுக்கு உதிரிபாகம் கிடைக்க வேண்டும். பழுதுபார்க்கும் கையேடு அரங்கிடமே இருக்க வேண்டும். மாற்று சர்வர் ஒன்று நகரத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். முதல் காட்சிக்கு ஒரு நாள் முன்பே சாவி சர்வருக்குள் ஏறியிருக்க வேண்டும். சாவியில் திறக்கும் நேரம் தனியே குறிக்கப்படுவதால், முன்கூட்டியே அனுப்பினாலும் திருட்டு கூடிவிடாது. தனியார் அரங்குகளின் சங்கமும் சேர்ந்து இதையே கேட்டால் விற்பவர்கள் மறுப்பது கடினம். இவற்றோடு, கேபினில் வேலை செய்பவருக்கு மூடியைத் திறந்து பழுதுபார்க்கும் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். நிபந்தனைகளில் இதைத்தான் முதலில் வைப்பேன். ஃபிலிம் காலத்தில் ஆபரேட்டர் தேர்வெழுதி உரிமம் பெற்ற தொழிலாளி. இன்று பல அரங்குகளில் அந்த இடத்தில் பட்டனை அழுத்தவும், பழுதென்றால் உதவி எண்ணை அழைக்கவும் மட்டுமே அனுமதிக்கப்பட்ட ஒருவர் நிற்கிறார். அழைப்பை எடுப்பவர் வேறொரு நகரத்தில் இருக்கிறார்.