விதை விராலுக்கு ரப்பர் தவளை வீசாதீங்க

ஐப்பசி பிறந்து ரெண்டு மழை நல்லா இறங்கிட்டா போதும், எங்க பக்கத்துக் கண்மாய்க் கரை பூரா பைக்கா நிக்குது. முதுகுல பை, கையில ராடு, பைக்குள்ள பத்து நிறத்துல ரப்பர் தவளை. மதுரையில இருந்தும் வர்றாங்க, காரைக்குடியில இருந்தும் வர்றாங்க. எல்லாம் நம்ம பிள்ளைகதான். தூண்டில் போடுறதை நான் குறை சொல்லலை. மழைக்காலத்துக்குத் தக்கன இரையை மாத்திப் பெரிய மீனைப் பிடிக்கிறதையும் குறை சொல்லலை. குஞ்சோட நிக்கிற விராலைக் குறி வச்சு அடிக்கிறாங்களே, அதைத்தான் சொல்றேன். அது விதைநெல்லை அவிச்சுத் திங்கிற வேலை.

முதல்ல இரை மாத்துற விஷயத்தைச் சொல்லிடுறேன். கோடையில தண்ணி சுண்டிக் கிடக்கும்போது மண்புழுவே போதும். மழைத்தண்ணி ஏறின பிறகு புழுவைப் போட்டா ஜிலேபியும் கெளுத்தியும்தான் கொத்திக்கிட்டே இருக்கும். பெரிய விரால் அதுக்காக மெனக்கெடாது. உள்வாயில காஞ்சு கிடந்த புல்லும் கோரையும் முங்கி, முழங்கால் தண்ணியில தவளை கத்த ஆரம்பிச்சிருக்கும். வரத்துக்கால்ல ஏத்துமீன் எதிர்த்து ஏறும். விராலும் நடுக்கண்மாயை விட்டுக் கரையோரத்துக்கு வந்துரும். அப்போ புழுவை வச்சுட்டு தவளைக்கு மாறுறவனுக்குத்தான் பெரிய மீன். கலங்கல் தண்ணிக்குக் கறுப்புத் தவளை, தெளிஞ்ச தண்ணிக்குப் பச்சையோ பழுப்போ. ஆகாயத்தாமரை மேல மெதுவா இழுத்து, இலைக்கு நடுவுல சந்து வர்ற இடத்துல நிறுத்தணும். அடி விழுந்ததும் வெடுக்குன்னு இழுக்கக் கூடாது. தவளையை உள்ள வாங்க ஒரு மூச்சு நேரம் விடணும்.

ரப்பர் தவளையால ஒரு நல்லதும் நடந்திருக்கு. உசிரோட இருக்கிற தவளையை முள்ளுல கோக்கிற வேலை குறைஞ்சிருச்சு. தவளை நம்ம வயலுக்குக் கூலி கேக்காத ஆள். தவளைக்கால் ஏற்றுமதியை 1987ல இந்திய அரசாங்கமே தடை பண்ணுச்சு. அந்த வகையில ரப்பரை நான் வரவேற்கிறேன்.

சிக்கல் இனிமேதான். விரால் கரையோரத்துக்கு வர்றது திங்கிறதுக்கு மட்டும் இல்லை. ஜோடி சேர்ந்து, புல்லுக்கு நடுவுல ஒரு இடத்தை ஒதுக்கி முட்டை விடும். முட்டை மஞ்சளா மிதக்கும். ரெண்டு மூணு நாள்ல பொரிஞ்சிரும். கொஞ்சம் வளர்ந்ததும் குஞ்சுக செக்கச்செவேல்னு ஒரே திரளாத் திரியும். விரால் காத்தைக் குடிக்கிற மீனு, அதனால குஞ்சுகளும் அடிக்கடி மேல வந்து போகும். பார்க்கிறதுக்கு அந்த இடத்துல மட்டும் உலை கொதிக்கிற மாதிரி இருக்கும். அதுக்கு அடியில அப்பனோ ஆத்தாளோ, சில நேரம் ரெண்டுமோ காவல் நிக்கும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, வாரக்கணக்குல நிக்கும்.

இப்போ பரவுற வித்தை என்னன்னா, அந்தக் கொதிப்பைத் தேடிக் கண்டுபிடி, அதுக்கு அங்கிட்டு தவளையை வீசு, கொதிப்பு மேலேயே இழு. நாலு வீச்சுக்குள்ள அடி விழுந்துரும். அப்புறம் மீனைத் தூக்கிப் பிடிச்சு, ஐப்பசிக்கு லூரை மாத்துனதால கிடைச்சதுன்னு பெருமை. லூருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை தம்பி. அது பசிக்கு அடிச்ச மீன் கிடையாது. பிள்ளை மேல விழ வந்ததை விரட்டப் பாய்ஞ்ச மீன். அந்த இடத்துல செருப்பைக் கட்டி இழுத்தாலும் பாயும். இதுல உங்க கைவரிசை எங்க இருக்கு?

இந்த யோசனை எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா, அமெரிக்காக்காரங்க குளத்துல பாஸ் மீன் பிடிக்கிற வீடியோவைக் காட்டுறாங்க. இலையுதிர் காலம் வந்தா சின்ன இரையை எடுத்துட்டுப் பெரிய இரைக்கு மாறு, பெரிய மீன் வரும்னு அதுல சொல்றான். அவன் ஊருக்கு அது சரி. அங்க அப்போ தண்ணி குளிர ஆரம்பிக்கும். பனிக்காலத்துக்கு முன்னாடி பாஸ் நல்லாத் தின்னு உடம்பு ஏத்தும். வசந்தத்துல பிறந்த சின்ன மீனெல்லாம் அதுக்குள்ள வளர்ந்து பெருசாகியிருக்கும், அதனால பெரிய இரைக்கு மயங்கும். ஆனா பாஸ் முட்டை விடுறது வசந்த காலத்துல. ஆண் பாஸும் நம்ம விரால் மாதிரியே காவல் காக்குற மீன்தான். அக்டோபர்ல அதுக்குக் காக்க ஒண்ணும் மிச்சம் இருக்காது. அந்த மீனைப் பிடிச்சா எந்தக் குஞ்சும் அநாதையாகப் போறதில்லை. நம்ம விராலுக்கு அக்டோபர், நவம்பர் பேறுகாலம். மாசம் ஒண்ணா இருக்குன்னு இங்க கொண்டாந்து வச்சா எப்படி?

இன்னொண்ணும் இருக்கு. கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல பல இடங்கள்ல, பாஸ் கூட்டுல நிக்கிற வசந்த காலத்துல அதைப் பிடிக்கவே தடை. தூண்டில்காரங்க அதை ஏத்துக்கிட்டுத்தான் காத்திருக்காங்க. இரை மாத்துறதைக் கத்துக்கிட்டு வந்த நம்ம பிள்ளைக இந்தப் பாதியை மட்டும் விட்டுட்டு வந்துட்டாங்க.

கரையில நின்னு பேசினா நாலு பதில் சொல்றாங்க. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

ஒரு மீனைப் பிடிச்சா கண்மாய் காலியாயிருமான்னு கேக்கிறாங்க. ஆத்துத்தண்ணி வருஷம் பூரா ஓடுற ஊருக்கு வேணா அந்தக் கேள்வி பொருந்தும். நம்மது மானாவாரிக் கண்மாய். சித்திரை வைகாசியில வெடிச்சுக் கிடக்கும். கோடையில ஊரே இறங்கி ஊத்தாவும் கச்சாவும் போட்டு இருக்கிற மீனை அள்ளிரும். அதுக்கப்புறம் மிஞ்சுறது மடைப்பள்ளத்துச் சேத்துல புதைஞ்சு, காத்தைக் குடிச்சு உசிரைப் பிடிச்சு வச்சிருக்கிற கொஞ்ச விரால். ஊருணியிலயும் கிணத்துலயும் ஒதுங்கினது கொஞ்சம். அடுத்த மழைக்கு மொத்தக் கண்மாய்க்கும் விதை அம்புட்டுதான். அதுல ஒரு ஜோடியை எடுக்கிறது எத்தனை மீனை எடுக்கிறதுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

ரெண்டாவது, குத்தகைக்காரர்தான் வருஷா வருஷம் குஞ்சு விடுறாரேன்னு சொல்றாங்க. அவர் விடுறது கட்லா, ரோகு, மிருகால். அதெல்லாம் ஓடுற தண்ணியில முட்டை விடுற மீனு. தேங்கின கண்மாய்ல பெருகாது. பண்ணையில ஊசி போட்டு முட்டை எடுத்துப் பொரிச்ச குஞ்சைக் காசு கொடுத்து வாங்கி விடுறார். எங்க பக்கம் விரால் குஞ்சு வாங்கி விட்ட ஆளை நான் பார்த்ததில்லை. சந்தையில கட்லாவைப் போல ரெண்டு மடங்குக்கு மேல விலை போற மீனு, யாரும் காசு போடாம தானாப் பெருகுது. காவல் நிக்கிற அந்தத் தாயும் தகப்பனும்தான் நம்ம ஊரு குஞ்சுப் பண்ணை.

மூணாவது, நாங்க போட்டோ எடுத்துட்டுத் திருப்பி விட்டுர்றோம்னு சொல்றாங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு. பாஸ் மீனை வச்சு இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க. காவல் மீனைத் தூக்கின கொஞ்ச நேரத்துலயே சின்ன மீனுங்க கூட்டுக்குள்ள புகுந்து தின்ன ஆரம்பிச்சுருதாம். இங்க குரவை இருக்கு, நீர்க்காக்கா இருக்கு, கொக்கு இருக்கு. நீங்க முள்ளைக் கழட்டி, எடை போட்டு, நாலு பக்கமும் படம் எடுத்து முடிக்கிற வரைக்கும் அதுக பட்டினியா உக்காந்திருக்குமா? வாய் கிழிஞ்சு களைச்சுப் போன மீனு திரும்பிப் போய் என்னத்தைக் காக்கும்?

நாலாவது, உங்க தாத்தா காலத்துல பிடிக்கலையான்னு கேக்கிறாங்க. பிடிச்சாங்க. மூங்கில் கம்பும் தங்கூசியும் எட்டுற தூரம் எவ்வளவு? பதினஞ்சு, இருபது அடி. அல்லிக் கொடிக்கு நடுவுல நின்ன விரால் தப்பிச்சுச்சு. இப்போ ராடு நூறு அடிக்கு வீசுது, நூலு அறுக மாட்டேங்குது, தவளை பாசியில சிக்காம வருது. அன்னைக்கு ஆளுக்கு நல்ல மனசுன்னு நான் சொல்ல வரலை. அன்னைக்கு மீனுக்கு ஒளிய இடம் இருந்துச்சு, இன்னைக்கு இல்லை. அதனால கட்டுப்பாட்டை நாமதான் வச்சுக்கணும்.

கடலுக்கு இருக்கே. நம்ம கிழக்குக் கரையில வருஷா வருஷம் ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகக் கூடாது, மீன் பெருகணும்னு. பிழைப்பே அதுன்னு இருக்கிற ஜனம் ரெண்டு மாசம் படகைக் கட்டிப் போடுது. பொழுதுபோக்குக்கு வர்றவங்க ரெண்டு மாசம் ஒரு மீனை விட்டுவைக்க முடியாதா? கண்மாய்க்கு யாரும் சட்டம் கொண்டாந்து தரமாட்டாங்க. ஊருதான் போட்டுக்கணும். எங்க ஊருல நான் கேக்கப் போறது இவ்வளவுதான்:

ஒண்ணு, கண்மாய்க்கு முதல் தண்ணி வந்ததுல இருந்து தைப்பொங்கல் வரைக்கும் கொதிப்பு தெரியற இடத்துல யாரும் தூண்டில் வீசக் கூடாது. பார்த்தா அம்பது எட்டு தள்ளிப் போயிரணும்.

ரெண்டு, அந்த நாள்கள்ல கரையோரப் புல்லை விட்டுட்டு, ஆழமான மடைப் பக்கம் போடணும். அங்க வர்றது பெரும்பாலும் பசிக்கு வர்ற மீனு.

மூணு, தெரியாம குஞ்சுக்காரன் மாட்டிட்டா படமும் வேணாம், எடையும் வேணாம். தண்ணிக்குள்ள வச்சே முள்ளைக் கழட்டி அதே இடத்துல விட்டுரணும். அதுக்கு வசதியா முள்ளோட எதிர்க்கொக்கியைக் குறடால நசுக்கிட்டு வரணும்.

நாலு, குஞ்சு இருக்கிற இடத்தைப் படம் எடுத்துப் போட்டு ஊர் பேரோட விளம்பரம் பண்ணக் கூடாது.

இதுல யாருக்கும் ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. தை பிறந்து குஞ்சு கறுத்துப் பிரிஞ்சதும் தாராளமா வாங்க, தவளையோடயே வாங்க. அல்லிக்கு எந்தப் பக்கம் வீசினா பெருசு வரும்னு நானே கூட நின்னு காட்டுறேன்.