விடையில்லாத ஆண்டுகள்

நம் ரயில்வே குடியிருப்பில் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு வீட்டின் கூடத்தில் திரைப்படம், சங்கீதம் பற்றிய கேள்விப் போட்டி நடைபெற்று வருவதை அன்பர்கள் பலர் அறிவர். கூடுவோர் பதினைந்து பேருக்கு மேல் இரார். அவர்கள் அனைவரும் ஒரு காலத்தில் ஒரே பிரார்த்தனைக் குழுவில் இருந்து, பின்னர் ஒவ்வொருவராக விலகியவர்கள். அது எந்தச் சமயத்தைச் சார்ந்த குழு என்பதை நாம் எழுதப் போவதில்லை. நம் சங்கத்தில் எல்லாச் சமயத்தினரும் உறுப்பினர். அக்குழுவில் இன்றும் இருப்போரும் உறுப்பினரே. அவர்களும் இப்பக்கத்தைப் படிக்கின்றனர்.

அக்குழுவில் சினிமா விலக்கப்பட்ட பொருள். படம் பார்த்தல் கூடாது. சினிமாப் பாட்டுக் கேட்டல் கூடாது. வாய்க்குள் முணுமுணுப்பதும் குற்றமே. இதைக் கேட்டு இளைஞர்கள் நகைக்க வேண்டா. 1952 முதல் 1962 வரை மத்திய அரசில் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி. வி. கேஸ்கர் அவர்களும் சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கும் என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதற்கு இருந்த இடத்தைக் குறுக்கினார். விளைவு என்ன? நேயர்கள் வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினர். 1957 அக்டோபர் 3-ஆம் நாள் விவித பாரதி தொடங்கப்பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம். அரசாங்கத்திற்கே கைகூடாத காரியம் ஒரு சிறு குழுவுக்கு எத்தனை தூரம் கைகூடிற்று என்பதை நாம் இந்தப் போட்டியில்தான் கண்டோம்.

அக்குழுவில் என்றுமே இருந்திராத வெளியார் என்ற ஒரே தகுதி பற்றிக் கேள்வி கேட்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. முதல் மாலை, நாற்பது கேள்விகளைக் கால வரிசைப்படி எழுதிக்கொண்டு சென்றோம். தொடக்கம் பிரமாதமாக அமைந்தது. தமிழின் முதல் பேசும்படம் 1931-இல் வந்த 'காளிதாஸ்' என்று கூறியதோடு நில்லாமல், அதில் தெலுங்கும் ஒலித்தது என்று ஓய்வு பெற்ற கார்டு ஒருவர் சேர்த்துக் கூறினார். 1935-இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் தரிக்க ஒரு லட்சம் ரூபாய் பெற்றவர் கே. பி. சுந்தராம்பாள் என்று நாம் கேள்வியை முடிக்குமுன் மூன்று குரல்கள் எழுந்தன. 1944-இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டதும், எம். எஸ். அவர்களின் 'மீரா' 1945-இல் தமிழிலும் 1947-இல் ஹிந்தியிலும் வந்ததும், 'திருவிளையாடல்' படத்தில் ஹேமநாத பாகவதராகத் தோன்றிய பாலையாவுக்குக் குரல் ஈந்தவர் பாலமுரளிகிருஷ்ணா என்பதும் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பாதிக்கு மேற்பட்டவை அவர்கள் பிறக்குமுன் நிகழ்ந்தவை; தந்தையாரும் பாட்டியாரும் சொல்லக் கேட்டவை.

அடுத்து, 1976-இல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமான இசையமைப்பாளர் எவர் என்று கேட்டோம். கூடத்தில் மௌனம். தமிழ்நாட்டில் எந்தத் தெருவில் கேட்டாலும் சிறுவரும் இளையராஜா என்று கூறிவிடும் கேள்வி அது! விளையாடுகிறார்களோ என்று எண்ணி, 'சிந்து பைரவி'யில் பாடி 1985-ஆம் ஆண்டின் தேசிய விருதைப் பெற்ற பாடகி எவர் என்றோம். கே. எஸ். சித்ராவின் பெயரை ஒருவரும் கூறவில்லை. 1992-இன் 'ரோஜா'வுக்கு மட்டும் அந்த வீட்டுப் பேத்தி விடையளித்தாள். அவள் அறிந்ததும் ஹிந்தியில் மொழிமாற்றம் செய்யப்பெற்ற படத்தையே.

பிறகே நமக்கு விளங்கிற்று. கார்டு 1974-இல் குழுவில் சேர்ந்து 1999-இல் விலகியவர். அவர் உலகில் விசுவநாதன் உண்டு, ரஹ்மான் உண்டு, இடையில் இளையராஜா இல்லை. பக்கத்தில் இருந்த பார்சல் அலுவலக நண்பர் 1990-இல் சேர்ந்தவர்; அவருக்கு இளையராஜா முழுமையாக உண்டு, அதற்குப் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெறுமை. யார் எப்போது சேர்ந்தார், எப்போது விலகினார், ஏன் விலகினார் என்பவற்றை இக்கூட்டத்தில் பேசுவதில்லை என்பது அவர்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. நம்முடைய கேள்வித்தாளோ அவரவர் சர்வீஸ் புத்தகத்தைத் திறந்து எல்லோர் முன்னும் படித்துவிட்டது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றையும் அன்று செய்தோம். அங்கே முப்பது வயதை ஒட்டிய இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் குழுவில் சேர்ந்தவர் அல்லர், குழுவிலேயே பிறந்தவர். சில ஆண்டுகளுக்கு முன் அவர் மட்டும் தனியே விலகினார். அவருடைய அன்னையார் இன்றும் அதில் இருக்கிறார். இரண்டு வரிசை தள்ளி அதே குடியிருப்பில்தான் வசிக்கிறார். மகன் வீட்டுக்கு அவர் வருவதில்லை. அந்த இளைஞருக்கு எந்த ஆண்டின் கேள்விக்கும் விடை தெரியவில்லை. நாம் வழக்கப்படி மதிப்பெண்களை உரக்க வாசித்தோம். அவர் பெயரையும் வாசித்தோம். பூஜ்யம் என்பதையும் வாசித்தோம். குழந்தைகள் சிரித்தனர். அவர் அடுத்த இரு மாதங்களும் வரவில்லை.

வழி காட்டியவர் கூட்டத்தில் உள்ள ஓர் அம்மையார். "எனக்குப் பாட்டெல்லாம் தெரியும் தம்பி, படம்தான் தெரியாது" என்றார் அவர். குழுவில் இருந்த ஆண்டுகளில் அவர் வீட்டில் பாட்டு ஒலிக்கவில்லை. ஆனால் சுவருக்கு அந்தப்புறம் அண்டை வீட்டாரின் டேப் ரிக்கார்டர் ஒலித்தது. பாஸ் எடுத்துக்கொண்டு ஊருக்குச் சென்றால் பேருந்தில் ஒலித்தது. கல்யாணப் பந்தலில் ஒலித்தது. காதைப் பொத்திக்கொள்ள எவராலும் இயலாது. மெட்டு வந்து சேர்ந்தது. பாடியவர் பெயரும் படத்தின் பெயரும் வந்து சேரவில்லை. கேள்விப் போட்டி என்பதோ பெயர்களையும் ஆண்டுகளையும் கேட்பது! அவர்களிடம் இல்லாத ஒன்றையே நாம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அம்மையாரின் யோசனைப்படி முறையை மாற்றினோம். இப்போது முதலில் மெட்டை மட்டும் ஹார்மோனியத்தில் வாசிக்கிறார்கள். படத்தின் பெயரைக் கூறினால் ஒரு மதிப்பெண். பெயர் தெரியாவிடினும் அதை எங்கே கேட்டோம் என்று கூறினால் அரை மதிப்பெண். இந்த அரை மதிப்பெண்ணில்தான் கூடம் கலகலப்படைகிறது. "விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில், எதிர்க்கடையில்" என்பார் ஒருவர். "நாத்தனார் கல்யாணத்தில், நான் சமையற்கட்டில் இருந்தேன்" என்பார் மற்றொருவர். உண்மையா என்று சரிபார்க்க நம்மிடம் ஏடு இல்லை. கேட்பவருக்கு ஐயமும் எழுவதில்லை. அணி பிரிப்பதிலும் ஒரு மாறுதல்: ஒருவருடைய வெறுமையான ஆண்டுகளை மற்றவர் நிரப்புமாறு இருவர் இருவராகச் சேர்க்கிறோம். கார்டும் பார்சல் அலுவலக நண்பரும் இப்போது ஓர் அணி. பகல் டூட்டியும் இரவு டூட்டியும் சேர்ந்தாற்போல் அவர்களிடம் ஏறத்தாழ எல்லா ஆண்டுகளும் உண்டு.

ஒரு மாலை அந்தக் கார்டிடம், விசுவநாதன், ராமமூர்த்தி இருவரும் பிரிந்த ஆண்டு எது என்று கேட்டோம். 1965 என்று உடனே கூறினார். மறுபடி சேர்ந்து இசையமைத்த படம் எது என்று தொடர்ந்தோம். "சேர்ந்தார்களா?" என்றார். ஆம், 1995-இல், 'எங்கிருந்தோ வந்தான்' என்ற படத்துக்காக என்றோம். போட்டி அடுத்த கேள்விக்கும் அதற்கடுத்த கேள்விக்கும் சென்ற பிறகு அவர் நம் பக்கம் சாய்ந்து, "முப்பது வருஷம் கழித்தா?" என்று மீண்டும் கேட்டார்.

இளைஞரைப் பற்றிக் கூறினோம் அல்லவா? நாமே அவர் வீட்டுக்குச் சென்று, மதிப்பெண்ணை உரக்க வாசித்தது நம் தவறு என்று ஒப்புக்கொண்டோம். மூன்றாம் மாதம் வந்தார்; விளையாடுவதற்கு அன்று, மதிப்பெண் எழுதுவதற்கு. ஒரு குறிப்பேட்டில் கேள்வியும் விடையும் எழுதிக்கொள்வார். வீட்டுக்குச் சென்று அப்பாடல்களைத் தேடிக் கேட்பதாகச் சொன்னார். மாதங்கள் பல இவ்வாறு சென்றன.

சென்ற கூட்டத்தில், 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜி கணேசன் வாசிப்பதாகக் காட்டப்படும் நாகசுரத்தை உண்மையில் வாசித்தவர் எவர் என்று கேட்டோம். அணிகள் யோசித்துக்கொண்டிருந்தன. குறிப்பேட்டிலிருந்து தலையை உயர்த்தாமலே அந்த இளைஞர், "மதுரை சேதுராமன், பொன்னுசாமி" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். படத்தை அவர் அன்றுவரை பார்த்ததில்லை. அவருடைய அன்னையார் மதுரைக்காரர். மணமாகிக் குழுவில் சேருமுன் பார்த்த படம் போலும். குழுவின் விதிப்படி வீட்டில் சினிமாவைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆயினும் ஒரு நாள் அடுப்படியில், நடித்தவர் வேறு, வாசித்தவர்கள் எங்கள் ஊர்ச் சகோதரர்கள் என்று மகனிடம் சொல்லியிருக்கிறார். ஊர்ப்பெருமை விதியைக் கடந்து வந்துவிட்டது.

விடைக்கு ஒரு மதிப்பெண் கொடுத்தோம். எங்கே கேட்டீர்கள் என்று அம்மையார் வினவியபோது, "எங்கள் வீட்டுச் சமையலறையில்" என்றார்; அரை மதிப்பெண்ணும் சேர்ந்தது. அணியே இல்லாதவர் பெயரில் ஒன்றரை மதிப்பெண்ணை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவரே நம்மைக் கேட்டார். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதி வைத்திருக்கிறார். வரும் கூட்டத்தில் 1968-ஐ ஒட்டிய கேள்விகள் இன்னும் சில வேண்டும் என்று சொல்லியிருக்கிறார், தேடிக்கொண்டிருக்கிறோம்.