மலையிறங்கும் முன்

பதுளையிலிருந்து பசறைக்குப் போனாலென்ன, பண்டாரவளைக்குப் போனாலென்ன, ஏற்றமும் இறக்கமுமே நமக்கு வாய்த்த வழி. ஏறுவதற்கு இயந்திரம் வேண்டும். இறங்குவதற்கோ பிரேக் வேண்டும். 2025 செப்டெம்பர் 4ஆந் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியிற் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்ட செய்தியைக் கேட்ட பின்னரே, நாமும் எமது பழைய காரின் சில்லைக் குனிந்து பார்த்தோம்.

அதற்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே, மிதிக்கும்போதெல்லாம் கிறீச்சென்றொரு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிரேக் பேட் தேய்ந்து மெலிந்ததும், அதனோடு பொருத்தியுள்ள சிறு தகடு சுழலும் தட்டில் உராய்ந்து இவ்வாறு முறையிடும். அதை அறிந்திருந்தும், வானொலியைச் சற்று உரக்க வைத்துக்கொண்டு போய்வந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

எல்லயிலிருந்து வெல்லவாய வரை வீதி ஏறத்தாழ 800 மீற்றர் இறங்குகிறது. ஒரு தொன் எடையுள்ள காரை அவ்வளவு தூரம் இறக்குவதால் எழும் வெப்பத்தைத் திரட்ட முடியுமாயின், மண்ணெண்ணெய்த் தகரம் நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைத்த பின்னும் மிச்சமிருக்கும். குறைந்த கியரில் இறங்கினால் இயந்திரம் அதிற் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு எரிபொருளை மிச்சப்படுத்தும் சமர்த்தர்களுக்கோ, ஏறக்குறைய முழுச்சுமையும் உள்ளங்கையளவு பேட்டுகளின் தலையில்தான். பிரேக் ஒயிலும் கவனிக்கவேண்டியதே. டொட் 3 வகை ஒயில் புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. நாளடைவில் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழிகள் தோன்றும். மிதி வெறுமையாய் உள்ளே போகும்.

ஆகவே ஒரு ஞாயிறு காலை, மருமகனைத் துணைக்கழைத்துக்கொண்டு வேலையில் இறங்கினோம். எமது முற்றம் தேயிலைச் சரிவில் வெட்டியெடுத்தது; உள்ளதில் சமமான இடத்தைத் தேர்ந்து, பின்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். வண்டி தரையில் நிற்கும்போதே சில்லு நட்டுகளைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். ஜக்கினால் உயர்த்தியபின் உறுதியான தாங்கியொன்றை அடியிற் கொடாமல் எவரும் கையை நீட்டலாகாது. கலிப்பரைக் கழற்றியதும் அதனை றப்பர்க் குழாயிலே தொங்கவிடாமல் கம்பியாற் கட்டிவைத்தோம். தூசியை மருமகன் வாயால் ஊத முனைந்தான். தடுத்து, ஈரத்துணியால் துடைக்கச் செய்தோம். பழைய பேட்டுகள் சிலவற்றில் கல்நார் உண்டு. அது நுரையீரலுக்குப் பகை.

புதிய பேட்டுகள் தடித்தவை. அவை நுழைய, கலிப்பரின் பிஸ்டனை உள்ளே தள்ளி இடமெடுக்க வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கத்தையும் மாற்றினோம்; ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி ஒருபக்கமாய் இழுக்கும். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கையை எண்ணெய் போகக் கழுவி, பெருமிதத்துடன் ஆசனத்தில் அமர்ந்து, "கல்லை எடுங்கள்!" என்றோம்.

எமது இல்லாள் தேநீர்க் குவளையுடன் முற்றத்தில் நின்றவர், "முதலில் மிதித்துப் பாருங்கள்; பிறகு எடுக்கலாம்" என்றார். வேண்டாவெறுப்பாக மிதித்தோம். கால் தடையேதுமின்றித் தரைவரை போயிற்று! தள்ளிய பிஸ்டன் மீண்டும் வெளியே வந்து பேட்டைத் தொடும்வரை பிரேக் இராது என்பதை மறந்திருந்தோம். ஐந்தாறு முறை மிதித்த பின்னரே கால் இறுக்கத்தை உணர்ந்தது. எமது வாசலுக்கப்பால் வீதி. வீதிக்கப்பால் தேயிலைச் சரிவு. அதற்குக் கீழே லயத்துப் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தனர். மருமகன் ஒன்றும் பேசவில்லை. நாமும் பேசவில்லை.

ஒயிலின் அளவைப் பார்த்து, நட்டுகளை மறுபடி இறுக்கியபின், பதுளை நகருக்குள் சமமான வீதியில் மெல்ல ஓட்டி, இடையிடையே இதமாக மிதித்துப் புதிய பேட்டுகளைத் தட்டோடு பழக்கினோம். பசறைப் பக்கம் மறுவாரமே போனோம். கல்லை இப்போதெல்லாம் அவர்தான் எடுக்கிறார்.