திரைக்குள் நோயாளி இல்லை

சென்ற மாதம், நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவி ஒருவர் தம் திருமண அழைப்பிதழுடன் இல்லத்துக்கு வந்திருந்தார். உடன் அவருடைய தம்பியும் வந்திருந்தார். ரஷ்யாவில் ஆறாண்டுகள் மருத்துவம் படித்துத் திரும்பியவர். இந்தியாவில் மருத்துவராகப் பதிவு பெற, அயல்நாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான தேர்வில் அவர் வெற்றி பெற்றாக வேண்டும். இருமுறை எழுதிவிட்டார். இரண்டாம் முறை கிடைத்த மதிப்பெண் 146, தேவை 150.

தேர்வு எப்படி இருக்கும் என்று கேட்டோம். கணினித் திரையில் 300 கேள்விகள். இரு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 150 நிமிடங்கள். ஒரு கேள்விக்கு நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். ஒன்றைச் சுட்ட வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைவதில்லை. மொழி ஆங்கிலம் மட்டுமே. அவர் இவற்றைச் சொல்லிக்கொண்டிருக்கையில், மருத்துவர் என்று கேள்விப்பட்டு நம் அன்னையார் உள்ளறையிலிருந்து வந்தமர்ந்தார்.

"நாலு நாளா நெஞ்சு கரிக்குது தம்பி. கையெல்லாம் ஓய்ஞ்சு வருது" என்றார்.

இளைஞர் சற்றுத் தயங்கினார். "வலிக்குதா பாட்டி? எரியுதா?" என்றார். "வலியில்லப்பா, கரிப்பு" என்று அன்னையார் அதையே திரும்பச் சொன்னார். இளைஞர் பொறுமையாக, எப்போது வருகிறது, உணவுக்கு முன்பா பின்பா, படுத்தால் கூடுகிறதா, நடந்தால் கூடுகிறதா, கை ஓய்வது இடப்பக்கமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வயிற்று அமிலமாக இருக்கலாம், ஆயினும் இந்த வயதில் இதயத்தைப் பார்த்துவிடுவதே நல்லது என்று கூறி, மறுநாளே இசிஜி எடுக்கச் சொன்னார். எடுத்தோம். அமிலந்தான்.

விடைபெறும்போது அவர் சொன்ன செய்தி நம்மை இன்றளவும் விட்டபாடில்லை. "ஐயா, பாடம் முழுக்க ஆங்கிலத்தில் படித்தோம். வார்டில் நோயாளிகள் ரஷ்ய மொழி பேசுவார்கள். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று ரஷ்ய மொழியில் கேட்கத் தெரியும். தமிழில் கேட்டுப் பழகவேயில்லை."

அறிவு ஒரு மொழியில், காது ஒரு மொழியில், நோயாளி ஒரு மொழியில்! இம்மூன்றில் தேர்வு அளப்பது முதலாவதை மட்டுமே.

நாம் கூறுவதைத் தவறாகப் புரிந்துகொள்ளலாகாது. அன்னையாரிடம் அன்போடு பேசினார் என்பதற்காக அவருக்கு உரிமம் தந்துவிட வேண்டும் என்று வாதிடவில்லை. 2002இல் இத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுக் கல்லூரிகளின் தரம் ஒன்றுபோல் இல்லை. தரகர் பேச்சை நம்பிச் சென்று ஏமாந்தோர் பலர். 2023 ஜூன் தேர்வில் எழுதியவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே தேறினர். அந்த எண்ணிக்கையை இரக்கத்தால் மட்டும் கடந்துவிட இயலாது. கணினிக்கென்று சில நற்குணங்களும் இருக்கின்றன. அது கையெழுத்தைப் பார்ப்பதில்லை. சாதியையும் ஊரையும் கேட்பதில்லை. பரிந்துரைக் கடிதம் அதனிடம் செல்லாது. ஆண்டுதோறும் விடைத்தாள் திருத்தும் நமக்கு, காலையில் திருத்திய தாளுக்கும் மாலையில் களைத்துத் திருத்திய தாளுக்கும் உள்ள வேறுபாடு நன்றாகவே தெரியும். அவ்வகையில் இயந்திரம் நம்மினும் நேர்மையானது.

ஆனால் அத்திரையில் வரும் நோயாளி யார்? ஐம்பத்தைந்து வயது ஆண், நடு மார்பில் இத்தனை மணி நேரமாக அழுத்தம், இரத்த அழுத்தம் இவ்வளவு, இசிஜியில் இன்ன மாற்றம் என்று நான்கைந்து வரிகளில் அவர் வந்து நிற்கிறார். அதாவது, யாரோ ஒரு மருத்துவர் அவரிடம் பேசி, புலம்பலை விலக்கி, வேண்டியதை மட்டும் எடுத்து, மருத்துவ ஆங்கிலத்தில் பெயர்த்து முடித்துவிட்டார். தேர்வர் படிப்பது அச்சுருக்கத்தைத்தான். மூலபாடத்தை அவர் பார்ப்பதேயில்லை. இலக்கியம் கற்பிப்போருக்கு இது பழகிய நோய்தான். நாவலைப் படிக்காமல் கதைச்சுருக்கத்தைப் படித்து எழுதும் மாணவன் முழு மதிப்பெண்ணும் பெற்றுவிடுவான். ஆயினும் அவன் தவறினால் யாரும் இறப்பதில்லை.

திருக்குறளின் மருந்து அதிகாரம், தன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கிறது. நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் ஆகிய நால்வகையில், கணினித் தேர்வுக்கூடத்தில் நடுவில் உள்ள இரண்டு மட்டுமே இருக்கின்றன.

பிற நாடுகள் இதை உணராமல் இல்லை. தேர்வர்கள் நிலையம் நிலையமாகச் சென்று, நோயாளியாக நடிப்பவரிடம் பேசியும் சோதித்தும் காட்டும் முறையை 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் என்பவர் அறிமுகம் செய்தார். பிரிட்டனில் அயல்நாட்டு மருத்துவர் எழுதும் தேர்வின் இரண்டாம் பகுதி இன்றும் அவ்வாறே நடைபெறுகிறது. அமெரிக்காவும் 2004 முதல் அத்தகைய தேர்வொன்றை உரிமத்துக்குக் கட்டாயமாக்கியிருந்தது. செலவையும் பயணத்தையும் குறித்து எதிர்ப்பு இருந்துவந்தது. 2020இல் பெருந்தொற்றால் நிறுத்தியவர்கள், 2021 ஜனவரியில் அதை அறவே கைவிட்டனர். கணினித் தேர்வுகள் தொடர்கின்றன. மனிதர் எதிரே மனிதர் அமரும் தேர்வுக்குச் செலவு மிகுதி. ஆகவே முதலில் கைவிடப்படுவதும் அதுவே.

நம் நாட்டில், 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் அனைவருக்கும் பொதுவான 'நெக்ஸ்ட்' என்னும் தேர்வை விதித்தது. 2023இல் வந்த விதிமுறைகள் அதை இரு படிகளாக அமைத்தன: முதற்படி கணினியில்; இரண்டாம் படி செய்முறையும் வாய்மொழியும். அதே ஆண்டு ஜூலையில் அது ஒத்திவைக்கப்பட்டது. மாநில உரிமையையும் கிராமப்புற மாணவர் நலனையும் முன்னிறுத்தித் தமிழக அரசு அதை எதிர்த்தது. அந்த அச்சங்களில் பொருளுண்டு என்றே நாமும் கருதுகிறோம். ஆனால் ஆதரித்தோரும் எதிர்த்தோரும், அந்த இரண்டாம் படி எந்த மொழியில் நடைபெறும் என்ற கேள்வியை உரக்க எழுப்பியதாக நம் நினைவில் இல்லை.

தமிழக அரசு மருத்துவப் பணிக்கு எடுக்கும்போது தமிழ்த் தகுதித் தேர்வு வைக்கிறதே என்று சிலர் கூறலாம். வரவேற்கத்தக்கதே. ஆயினும் அதுவும் பத்தாம் வகுப்புத் தரத்தில், விடையைத் தேர்ந்து சுட்டும் தேர்வு. பள்ளித் தமிழில் தேறிய ஒருவருக்கு, குத்தலுக்கும் குடைச்சலுக்கும், உளைச்சலுக்கும் கடுப்புக்கும், மரத்துப்போதலுக்கும் மதமதப்புக்கும் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நோயாளியோ அச்சொற்களில் மட்டுமே பேசுகிறார்.

இது ஆகாத காரியமும் அன்று. அமெரிக்க மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1860களில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்கெனத் தமிழில் மருத்துவ நூல்களையும் ஆக்கினார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின், நாம் தேர்வு முழுவதையும் தமிழில் நடத்துமாறுகூடக் கேட்கவில்லை. கணினித் தேர்வு இருக்கட்டும். அதனோடு, பணிபுரியப் போகும் மாநிலத்தின் அரசு மருத்துவமனையொன்றில், புறநோயாளிகள் பிரிவில், மக்கள் மொழியில் அரைநாள் தேர்வு ஒன்று சேரட்டும். தேர்வாளர் இருவர், முன்கூட்டி அறிவித்த மதிப்பீட்டுத் தாள், முறையிட வழி ஆகிய மூன்றும் இருந்தால் மனச்சாய்வு குறித்த அச்சமும் பெரிதும் குறையும். செலவு ஆகும்தான். செலவைக் காரணம் காட்டி அதைத் தவிர்த்தால், விலையைக் கொடுப்பவர் நோயாளியாக இருப்பார்.

தமிழ்த் துறைகளுக்கும் இதில் வேலை உண்டு. வட்டாரச் சொற்களைத் தொகுக்கும் ஆய்வேடுகள் நம்மிடம் ஏராளம். வலியைக் குறிக்கும் சொற்களை மாவட்ட வாரியாகத் தொகுத்து மருத்துவ மாணவர் கையில் தரும் சிறுநூல் ஒன்றை நம் துறை இதுவரை செய்யவில்லை. அக்குறை நம்முடையது.

அந்த இளைஞர் சென்ற வாரம் மீண்டும் வந்தார், இம்முறை ஒரு குறிப்பேட்டுடன். அன்னையார் சொல்லச் சொல்ல, கிறுகிறுப்பு, பொருமல், விண்விண்ணென்று தெறித்தல், வயிற்றைப் பிசைதல் என்று இருபத்திரண்டு சொற்களை எழுதிக்கொண்டார். அடுத்த முறை அவர் எழுதப்போகும் 300 கேள்விகளில் அவற்றுள் ஒன்றும் வராது. அது தெரிந்துதான் எழுதிக்கொண்டார்.